நான் போட்ட வெள்ளைக் கோடு

ஐயம்பேட்டை,
12.10.2025, ஞாயிறு.

அன்பு மகள் ஜெயப்ரியாவுக்கு அப்பா எழுதுவது. பெர்த்தில் நீயும் மாப்பிள்ளை குருவும் பேரன் யுவனும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையோடு தொடங்குகிறேன். இங்கே நாங்கள் இருவரும் இருக்கிற வயதுக்குத் தகுந்தபடி சுகமாகவே இருக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி படி ஏறும்போது மட்டும் வருகிறது, டாக்டர் கொடுத்த தைலத்தைத் தேய்த்துக்கொள்கிறாள், மாத்திரையை மட்டும் மறந்துவிட்டேன் என்று சொல்லிப் போடுவதில்லை. எனக்குச் சர்க்கரை போன மாதம் பார்த்த அளவிலேயே நிற்கிறது. மூன்று நாளாக மழை, பின்பக்கச் சுவரில் மறுபடியும் ஈரம் இறங்கியிருக்கிறது. தீபாவளிக்கு இன்னும் எட்டு நாள், அம்மா அதிரசத்துக்கு மாவைப் பாகில் போட்டு வைத்துவிட்டாள், நீ இல்லாத வீட்டில் யார் தின்பது என்று என்னையே கேட்கிறாள், நான் என்ன பதில் சொல்வேன். ஞாயிறுதோறும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, இவர் எதற்குத் தபால் எழுதுகிறார் என்று நீ நினைப்பாய். போனில் பேசும்போது அம்மா பக்கத்தில் இருக்கிறாள், யுவன் போனைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்க ஓடுகிறான், நான் சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே போனை வைத்துவிடுகிறேன். எழுதினால், பாதியில் எழுந்து போனாலும் திரும்பி வந்து அதே வரியில்தான் உட்கார வேண்டியிருக்கிறது. இன்று காலையிலிருந்து இரண்டு முறை எழுந்து போய்விட்டு வந்தேன். இந்தக் கடிதத்தில் அடித்தல் திருத்தல் நிறைய இருக்கும், என் கடிதங்களில் நீ அப்படிப் பார்த்திருக்க மாட்டாய், பொறுத்துக்கொள்.

நான் போய்வரும் பயிற்சிக்கூடத்தைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன். ஓரிக்கை போகிற சாலையில் பழைய அரிசி ஆலைக் கொட்டகையில் நடக்கிறது. பஸ் டெப்போவில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்ற கலியாணசுந்தரம் நடத்துகிறார். டீசல் லாரிகளின் ஸ்டியரிங்கையும் சஸ்பென்ஷனையும் பழுது பார்க்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். கரும்பலகைப் பாடம் கிடையாது. ஊர் லாரிக்காரர்கள் தங்கள் பழைய வண்டிகளைக் கொண்டுவந்து விடுவார்கள், பயிற்சிக்கு வந்தவர்கள் அதிலேயே கை வைத்துக் கழற்றி, தேய்ந்ததை மாற்றி, மறுபடி மாட்டிக் கற்றுக்கொள்வார்கள். ஆறு மாதம். அங்கே என்னுடையது எழுத்து வேலைதான். பத்திரப் பதிவில் முப்பத்தொரு வருஷம் நகல் எழுதிப் பழகின கை வீட்டில் சும்மா இருக்க மாட்டேன் என்றதால் போனேன். ஆங்கிலக் கையேட்டைத் தமிழில் எழுதிக் கொடுக்கிறேன், யார் எந்த வண்டியில் என்ன வேலை செய்தார்கள் என்று தினமும் பதிவேட்டில் எழுதுகிறேன். ஒரு ஸ்பேனரைக்கூட நான் தொட்டதில்லை. தொடத் தைரியமும் இல்லை.

பயிற்சிக்கு வந்த பதினோரு பேரில் கிரேஸ் என்று ஒரு பெண். வயது முப்பத்துநாலு, உன்னைவிட இரண்டு வயது சின்னவள். அவளும் அவள் வீட்டுக்காரர் ஜோசுவாவும் செங்கல்பட்டு சாலையில் பஞ்சர் கடை வைத்திருந்தார்கள். போன வருஷம் லாரி டயருக்குக் காற்று அடிக்கும்போது ரிம் தெறித்து ஜோசுவாவுக்கு வலது தோள் போய்விட்டது, இனிமேல் கனமாக எதையும் தூக்க முடியாது. இரண்டு பிள்ளைகள். அதனால்தான் இவள் பயிற்சிக்கு வந்தாள். முடித்தவர்களில் மூன்று பேரை ஒரகடத்தில் இருக்கிற ஒரு லாரி சர்வீஸ் சென்டரில் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள், அந்தப் பட்டியலில் முதல் பெயர் கிரேஸுடையது. மற்ற ஆண்கள் அவளைக் கிரீஸ் அக்கா என்று கேலி செய்வார்கள். அவளும் விடமாட்டாள், ஆமாண்டா, நான் இல்லன்னா உங்க வண்டி கீச்சு கீச்சுன்னு அழும், பேசாம ஜாக்கிய அழுத்துங்க என்பாள். வந்த முதல் வாரம் என்னிடம் வந்து, சார், நீங்க எழுதுன கிங்பின் பக்கத்தப் படிச்சேன், ஆட்டம் இருக்குதான்னு பாக்கவும்னு போட்டிருக்கீங்க, ஆட்டம்னா எம்மாம் ஆட்டம் சார் என்று கேட்டாள். முன்சக்கரத்தை அச்சோடு இணைக்கிற தடித்த ஊசி மாதிரியான இரும்புதான் கிங்பின், அது தேய்ந்தால் சக்கரம் ஆடும். நான் கையேட்டில் இருந்த மில்லிமீட்டர் கணக்கைச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு, வாங்க சார், சட்டையில கறை ஆகாது என்று கூட்டிப்போய், ஜாக்கியில் தூக்கி நிறுத்தியிருந்த சக்கரத்தின் உச்சியில் என் ஒரு கையையும் அடியில் இன்னொரு கையையும் வைக்கச் சொல்லி, ஒன்றைத் தள்ளி ஒன்றை இழுக்கச் சொன்னாள். உள்ளே எங்கோ டொக் என்று ஒரு சின்னத் தட்டு என் உள்ளங்கைக்கு வந்தது. அதான் சார் ஆட்டம், அத எழுதுங்க என்றாள். அன்று அந்தப் பக்கத்தை முழுக்கத் திருப்பி எழுதினேன். அறுபத்தொன்பது வயதில் நான் எழுதுவதில் என்ன குறை என்று ஒருவர் எனக்குக் கோபமில்லாமல் சொன்னது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். அவளுக்குத்தான் நான் கீழே எழுதப்போவதைச் செய்தேன்.

செப்டம்பர் கடைசியில் சிவராஜ் என்கிற தவிட்டு வியாபாரியின் லாரி வந்தது. ஸ்டியரிங் பெட்டியில் எண்ணெய் கசிவு. பெட்டியைக் கழற்றி எண்ணெயைத் தடுக்கிற ரப்பர் சீலை மாற்ற வேண்டும், கூடவே முன்பக்க ஸ்பிரிங் பிளேட்டில் உடைந்த ஒன்றையும் மாற்ற வேண்டும். இரண்டும் கிரேஸ் பொறுப்பு. உனக்குப் புரியும்படி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டியரிங் பெட்டியிலிருந்து பல் வெட்டின தண்டு ஒன்று வெளியே நீண்டிருக்கும், அதில் டிராப் ஆர்ம் என்கிற ஒரு முழ இரும்புக் கை மாட்டியிருக்கும், அந்தக் கை அசைந்துதான் சக்கரங்களைத் திருப்புகிறது. கையைத் தண்டிலிருந்து பிடுங்குவதற்கு முன்னால் இரண்டையும் சேர்த்து ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும், மறுபடி மாட்டும்போது கோட்டுக்குக் கோடு பொருந்த வேண்டும். ஒரே ஒரு பல் தள்ளி மாட்டினாலும் வண்டி ஒரு பக்கம் முழுசாகத் திரும்பும், மறுபக்கம் பாதியில் நின்றுவிடும். கம்பெனியே போட்டுத் தருகிற அடையாளம் உண்டு, ஆனால் சிவராஜ் வண்டியின் கை ஏதோ பழைய இரும்புக் கடையில் வாங்கி மாட்டியது, அதில் அந்த அடையாளம் கிடையாது. கிரேஸ் வெள்ளைப் பெயிண்டில் கோடு போட்டுவிட்டுத்தான் கழற்றினாள். போட்டதை நான் பார்த்தேன். கையேட்டில் ‘கழற்றுமுன் குறியிடுக’ என்று தமிழில் எழுதி அடியில் இரண்டு கோடு இழுத்தவனே நான்தான்.

மறுநாள் ஆயுத பூஜை என்பதால் செவ்வாய்க்கிழமை கொட்டகைக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். சுத்தம் செய்து முடித்ததும் கலியாணசுந்தரம் கிரேஸிடம், நீ வீட்டுக்குக் கெளம்புமா, சந்தனம் குங்குமம் வெக்கிறதெல்லாம் நாங்க பாத்துக்கிறோம் என்று அனுப்பிவிட்டார். அவள் தன் மேசையில் பெட்டி, கை, நட்டு, வாஷர் என்று கழற்றின வரிசையிலேயே அடுக்கி வைத்துவிட்டுப் போனாள். பெட்டியில் புது சீல்கூட மாட்டி முடித்திருந்தாள். எல்லோரும் டீ குடிக்க ரோட்டுப் பக்கம் போன நேரம் நான் மட்டும் சந்தனக் கிண்ணத்தோடு இருந்தேன். ஸ்பேனர்களுக்குப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தேன். கிரேஸ் மேசைக்கு வந்தபோது எல்லாவற்றின் மேலும் சுண்ணாம்புத் துளிகள் தெறித்துக் கிடந்தன. சாமிக்கு வைக்கிற பொருள் இப்படிக் கிடக்கலாமா என்று ஒரு துணியை எண்ணெயில் நனைத்து ஒவ்வொன்றாகத் துடைத்தேன். என் வழக்கம் உனக்குத் தெரியும், துடைக்க ஆரம்பித்தால் பளபளவென்று ஆகும் வரைக்கும் விடமாட்டேன். டிராப் ஆர்மையும் துடைத்தேன், தண்டு முனையையும் துடைத்தேன். துடைத்து முடித்துத் துணியைக் கீழே வைத்த பிறகுதான், கடைசியாகத் துடைத்தது தெறித்த துளி இல்லை, நேராக ஒரு கோடு என்று மூளைக்கு எட்டியது.

ஜெயா, அந்த நேரத்தில் ஒரு மனிதன் செய்ய வேண்டியது மிகவும் எளிது. போனை எடுத்து, அம்மா கிரேஸ், நான் உன் கோட்டை அழித்துவிட்டேன் என்று சொன்னால் போதும். பெட்டியின் இரண்டு கோடிக்கும் தண்டைச் சுற்றி நடு எதுவென்று எண்ணி, சக்கரத்தை நேராக நிறுத்தி அவள் புதிதாகக் குறி கண்டுபிடித்திருப்பாள், ஒரு மணி நேர வேலை. நான் வாசல் பக்கம் யாராவது வருகிறார்களா என்று பார்த்தேன். பிறகு சட்டைப் பையில் எப்போதும் வைத்திருக்கும் ஒயிட்னரை எடுத்து, இங்கேதான் இருந்தது என்று நான் நினைத்த இடத்தில் அந்த இரும்புக் கையில் ஒரு கோடும் தண்டில் ஒரு கோடும் போட்டேன். நகல் எழுதும்போது ஒரு எழுத்து தப்பினால் மூடிவிட்டு மேலே எழுதுவேனே, அதே மாதிரி. அதன் பக்கத்தில் சந்தனப் பொட்டு வைத்து, அதன் மேல் குங்குமமும் வைத்தேன்.

விஜயதசமி விடுமுறை முடிந்து வெள்ளிக்கிழமை காலை அவள் வந்து மாட்ட உட்கார்ந்தாள். கோட்டை விரல் நுனியால் தடவிப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்து, சார், நான் போட்டது இவ்ளோ மெல்லிசாவா இருந்துச்சு என்று கேட்டாள். கேட்டாள் ஜெயா, நேராக என்னிடமே கேட்டாள். பூஜைக்குத் துடைத்தபோது கொஞ்சம் தேய்ந்திருக்கும், அதேதான் என்று நான் சொன்னேன். சார் சொன்னா சரி என்று மாட்டிவிட்டாள். சிவராஜ் வாசலில் நின்றுகொண்டு, பூஜ முடிஞ்சி ரெண்டு நாளாச்சு, என் தவிடு இன்னும் மில்லுலயே கெடக்குது, வண்டிய விடறீங்களா இல்ல நானும் உங்ககிட்ட பயிற்சிக்குச் சேந்துடவா என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். டிரைவர் பழனி வண்டியை எடுத்துப் பார்த்துவிட்டு, ஸ்டியரிங் வீலு ஒரு வெரலு கோணலா இருக்குது, போவப் போவ பழகிடும் என்று சொல்லிவிட்டு வலதுபக்கம் திரும்பிப் போய்விட்டார். எங்கள் வாசலிலிருந்து எந்த வண்டியும் வலதுபக்கம்தான் திரும்பும்.

இடதுபக்கம் முதல் முதலாகத் திரும்ப வேண்டியிருந்தது, தவிட்டை ஏற்றிக்கொண்டு வரும்போது பாலாற்றுப் பக்கத்து வளைவில். வண்டி பாதி திரும்பி அதற்கு மேல் திரும்பவில்லை. எதிரே மொபெட்டில் ஒரு குடும்பம் வந்ததாம், அவர்களைக் காப்பாற்றுவதற்காகப் பழனி பிரேக்கை அழுத்தி வண்டியை வலப்பக்கத்துச் சிறுபாலத்துச் சுவரில் கொண்டுபோய் மோதிவிட்டார். சக்கரம் சுவரில் இடித்த வேகத்தில் ஸ்டியரிங் சுழன்று அவருடைய இடது மணிக்கட்டை உடைத்துவிட்டது. அந்தக் குடும்பத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்று இரண்டு முறை எழுதினால்தான் எனக்கு அடுத்த வரி எழுத வருகிறது.

சனிக்கிழமை காலை வண்டியை இழுத்து வந்து கழற்றிப் பார்த்தார்கள். ஒரு பல் தள்ளியிருந்தது. கலியாணசுந்தரம் எல்லோருக்கும் முன்னால், குறி போடாம கழட்டுனியா என்று கிரேஸைக் கேட்டார். போட்டேன் சார் என்றாள். போட்டிருந்தா ஒரு பல்லு எப்படித் தள்ளும், பல்லு என்ன நடந்தா போச்சு என்றார். சிவராஜ், பஞ்சர் கடைக்காரி கையில லாரியக் குடுத்தா இதான் நடக்கும், இதுக்குத்தான் அவங்க அவங்க வேலைய அவங்க அவங்க பாக்கணும்றது என்றார். அவர் சொன்னதில் வேறு ஒரு பொருளும் இருந்தது, அங்கே இருந்த எல்லோருக்கும் அது புரிந்தது, எனக்கும் புரிந்தது. கையில் கட்டோடு உட்கார்ந்திருந்த பழனியும் அவளைத் தகாத வார்த்தையில் திட்டினார். அப்போது அவள் என் பக்கம் திரும்பி, சார் பாத்தாரு, நான் கோடு போட்டப்ப சார் பக்கத்துலதான் இருந்தாரு, சொல்லுங்க சார் என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா. நான் எழுதிக்கொண்டிருந்தேன், கவனிக்கவில்லை என்றேன். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை, அவள் பூட்ஸைத்தான் பார்த்தேன். பிறகு கலியாணசுந்தரம் அறிக்கை எழுதச் சொன்னார். ‘பயிற்சி பெறுபவரின் கவனக்குறைவால் குறியிடாமல் கழற்றப்பட்டது’ என்று நான் எழுதினேன். ஒரு எழுத்துகூடத் தப்பவில்லை. அவர் வாங்கிப் படித்துவிட்டு, கண்ணாயிரம் சார் எழுதுனா கோர்ட்டுலகூட நிக்கும் என்றார். கிரேஸை இனிமேல் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஒரகடத்துப் பட்டியலில் அவள் பெயரை அடித்ததும் என் பேனாதான்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் நான் தினமும் போனேன் வந்தேன். நடந்தது எதையும் வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. அம்மா இரண்டு முறை, என்னங்க சோறு அப்படியே இருக்குது என்று கேட்டாள். வயிறு சரியில்லை என்றேன். அவள் சீரகத் தண்ணீர் வைத்துக் கொடுத்தாள், குடித்தேன்.

நேற்று முன்தினம் வெள்ளிக்கிழமை கிரேஸ் தன் பூட்ஸையும் கையுறையையும் எடுத்துப் போக வந்தாள். நான் எழுதிக் கொடுத்த கையேட்டுப் பிரதியைத் திருப்பிக் கொடுத்தாள். என்மேல் கோபம் இல்லை, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. சார், ராத்திரி பகலா யோசிச்சுப் பாத்துட்டேன், போட்ட மாதிரிதான் இருக்குது, ஆனா எல்லாரும் சொல்றப்ப நான்தான் போடலியோ என்னமோ, எனக்கே தெரியல சார், இனிமே இந்த வேலையெல்லாம் எனக்கு வேணாம், எவன் கையாவது போயிடும் என்றாள். எனக்கே தெரியல என்று அவள் சொன்ன விதம். அந்த வார்த்தையை நான் முன்பே ஒரு தடவை, வேறு ஒரு குரலில் கேட்டிருக்கிறேன். அதைப் பிறகு சொல்கிறேன். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. அவள் போய் மழையில் பஸ் ஏறும் வரைக்கும் கையேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நேற்று காலை முதல் ஷேர் ஆட்டோவிலேயே கிளம்பிப் போய் கலியாணசுந்தரத்திடம் சொன்னேன். நடந்த வரிசையில், தேதி நேரத்தோடு சொன்னேன், எனக்கு வேறு மாதிரி சொல்லத் தெரியாது. ஒயிட்னர் என்றதும் முதலில் சிரித்துவிட்டார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டார். ஏன் சார், உங்கள யாரு சார் தொடைக்கச் சொன்னது என்றார். அப்புறம், சரி நடந்தது நடந்துபோச்சு, அறிக்கையும் ஒரகடத்துக்குப் போயிடுச்சு, நீங்க வயசானவரு, உங்க பேரு எதுக்கு கெடணும், அந்தப் பொண்ண அடுத்த பேட்ச்சுல நானே கூப்பிட்டுச் சேத்துக்கிறேன், இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும் என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது. சரி என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அப்போது மேசைமேல் அந்தக் கையேட்டுப் பிரதி கிடந்தது, அவள் விரல் பட்ட கறையெல்லாம் ஓரத்தில் அப்படியே இருந்தது. வேண்டாம், நான் எழுதுகிறேன் என்றேன். அவருக்குக் கேட்கவில்லை, இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருந்தது. பதிவேட்டில் பழைய அறிக்கையை அடிக்காமல் கொள்ளாமல் அப்படியே விட்டு, அதன் கீழே என்ன நடந்தது என்று எழுதி, கோட்டை அழித்ததும் மறுபடி போட்டதும் கேட்டபோது பொய் சொன்னதும் நான் என்று கையெழுத்துப் போட்டேன். கலியாணசுந்தரம் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். பிறகு அவரே ஒரகடத்துக்குப் போன் செய்து பேசினார், அதை நான் மறக்கக்கூடாது.

அங்கிருந்து பழனி வீட்டுக்குப் போனேன். கட்டிலில் உட்கார்ந்து ஒரு கையால் இட்லி பிட்டுத் தின்றுகொண்டிருந்தார். நான் சொல்லச் சொல்ல மென்றுகொண்டே கேட்டார். என்னை அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்துத்தான் போயிருந்தேன். அவர், கை கூடிடும் சார், மாவுக்கட்டு பிரிக்க இன்னும் அஞ்சு வாரம்தான், ஆனா அந்தப் பொண்ண வாய்க்கு வந்தபடி பேசிட்டேனே, அத எப்படி சார் திரும்ப வாங்கறது என்றார். சிவராஜிடம் போனில்தான் சொன்னேன், நேரில் போகத் தைரியம் வரவில்லை. அவர் திட்டினார், நியாயமாகத்தான் திட்டினார். கிரேஸைப் பற்றிச் சொன்னதை மட்டும் அவர் திரும்பப் பெறவில்லை, நானும் அதைக் கேட்கவில்லை. அதையும் கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது எழுதும்போது தோன்றுகிறது.

பஞ்சர் கடைக்குப் போனபோது மத்தியானம் ஆகிவிட்டது. கிரேஸ் ஒரு டிராக்டர் டயரைக் கழற்றிக்கொண்டிருந்தாள், ஜோசுவா ஸ்டூலில் உட்கார்ந்து நெம்புகோலை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே சொன்னேன். அவள் நிமிரவே இல்லை, டயரிலேயே வேலையாக இருந்தாள். ஜோசுவாதான், எட்டு நாளு தூங்கல சார் இவ, கண்ண மூடுனா கோடுன்றா பல்லுன்றா, ஜெபம் பண்றப்பகூட ஆண்டவரே நான் போட்டனா போடலியான்னு கேட்டுக்கினு இருந்தா, நீங்க பெரிய மனுசன் சார், நல்லா இருக்குது சார் உங்க எழுத்து என்றார். கடைசியில் அவள் டயரை விட்டுவிட்டு எழுந்து, ஒயிட்னரா என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். அப்ப நான் போட்டிருக்கேன் என்றாள். என்னிடம் சொல்லவில்லை, ஜோசுவாவைப் பார்த்துச் சொன்னாள், பாத்தியா, நான் போட்டிருக்கேன். அதைச் சொல்லும்போது முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள், கையெல்லாம் கரி. மன்னித்துவிடு என்று நான் கேட்டதற்கு அவள் பதில் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

ஒரகடத்துக்காரர்கள், அந்தப் பெண் திங்கட்கிழமை வந்து எங்கள் கண் முன்னால் ஒரு டிராப் ஆர்மைக் கழற்றி மாட்டிக் காட்டட்டும், அப்புறம் முடிவு சொல்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். அவள் தப்பே செய்யவில்லை என்ற பிறகும் அவள்தான் பரீட்சை எழுத வேண்டியிருக்கிறது பார். கலியாணசுந்தரம், நீங்க வர வேணாம் சார், பதிவேட்டப் போட்டோ எடுத்து அனுப்பிட்டாப் போதும் என்றார். கிரேஸ்தான் நேற்று மாலை அவருக்குப் போன் செய்து, சார் வரட்டும், பதிவேட்ட எடுத்துக்கினு வரட்டும், அன்னைக்கு எல்லார் முன்னாடியும் கவனிக்கலைன்னாரு இல்ல, திங்கக்கெழம அவங்க முன்னாடி வாயால சொல்லட்டும் என்றாள். நியாயம்தான். முன்பின் தெரியாத அதிகாரிகள் நாலு பேர் முன்னால் பேச வேண்டும் என்று நினைத்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது, அலுவலகத்தில் மேலதிகாரி கூப்பிட்டாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனாலும் நாளைக் காலை ஆறரை பஸ்ஸுக்குப் போகிறேன். அவளுக்கு வேலை கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது. கிடைக்காவிட்டால் அதுவும் என் கணக்கில்தான் சேரும்.

இனி உனக்குச் சொல்ல வேண்டியது. இதற்காகத்தான் பேனாவையே எடுத்தேன், மேலே எழுதியதெல்லாம் இந்த இடத்துக்கு வருவதற்குத் தைரியம் தேடி எழுதியதோ என்று சந்தேகமாக இருக்கிறது. பத்தாவது பரீட்சைக்கு இரண்டு நாள் முன்னால் உன் ஹால் டிக்கெட் காணாமல் போனது உனக்கு நினைவிருக்கும். அம்மா உன்னைக் கரண்டிக் காம்பால் அடித்தாள், தலைமையாசிரியையிடம் கெஞ்சுவதற்கு உன்னைப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனாள். நீங்கள் போன பிறகு நான் என் இன்ஷூரன்ஸ் பத்திரங்கள் இருந்த ஃபைலை எதற்கோ திறந்தேன், ஹால் டிக்கெட் அதில் இருந்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று முந்தின வாரம் உன்னிடமிருந்து நானே வாங்கி வைத்தது. நீயும் மறந்திருந்தாய், நானும் மறந்திருந்தேன். அதை எடுத்துக்கொண்டு தெருவில் ஓடி வந்திருக்க வேண்டும். நான் அதை உன் சமூக அறிவியல் புத்தகத்தின் நடுவில் வைத்துவிட்டு, புத்தகத்தை இருந்த இடத்திலேயே வைத்தேன். சாயங்காலம் நீ படிக்க உட்கார்ந்து அதைப் பார்த்துவிட்டு அழுதாய். நான்தான்பா வெச்சிருக்கேன், எனக்கே தெரியலபா என்று சொன்னாய். நான் உன் தலையைத் தடவி, பரவாயில்லை, இனிமேல் கவனமாக இரு என்றேன்.

இருபது வருஷமாக நீ கேஸ் அடுப்பை மூன்று முறை பார்த்துவிட்டுத்தான் வீட்டைப் பூட்டுகிறாய், ஒவ்வொரு காகிதத்தையும் நாலு போட்டோ எடுத்து வைக்கிறாய் என்று மாப்பிள்ளை கேலி செய்கிறார். போன மாதம் போனில், லேப் இன்சார்ஜ் வேலை குடுத்தாங்கபா, வேணான்னுட்டேன், ரெக்கார்டெல்லாம் என்கிட்ட குடுத்தா தொலைச்சுருவேன் என்று சொன்னாய். அம்மா, ஹால் டிக்கெட்டையே தொலைச்சவளாச்சே என்று சிரித்தாள். நானும் கூடச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு உட்கார முடியவில்லை. உன்னிடம் மன்னிப்புக் கேட்கும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியாது, ஆனாலும் கேட்கிறேன். நீ கோபித்துக்கொண்டு சில வாரம் பேசாமல் இருந்தாலும் நான் புரிந்துகொள்வேன். அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. இந்தக் கடிதத்தை ஒட்டி வைத்துவிட்டு எழுந்து போய் அவளிடமும் சொல்லப் போகிறேன். சமையலறையில்தான் இருக்கிறாள், பாத்திரச் சத்தம் கேட்கிறது.

நீங்கள் வாங்கியிருக்கிற பழைய காரை சர்வீஸுக்கு விடும்போது, முன்சக்கரத்தைத் தூக்கி உச்சியிலும் அடியிலும் கை வைத்து ஆட்டிப் பார்க்கச் சொல். டொக் என்று கையில் தட்டினால் அப்படியே ஓட்ட வேண்டாம். யுவனை நான் கேட்டதாகச் சொல், பட்டாசு அங்கே கிடையாது என்று அழ வேண்டாம், அதிரசம் பார்சலில் வருகிறது. மாப்பிள்ளைக்கு என் அன்பு. நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், மனசில் பாரம் இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும் என்று காமாட்சி அம்மனை வேண்டிக்கொள்கிறேன். நீ மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அந்த இன்சார்ஜ் வேலையை இன்னும் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தால் இதைப் படித்த மறுநாளே போய்க் கேள். உன் கையில் கொடுத்த எதையும் நீ தொலைத்ததில்லை அம்மா.

இப்படிக்கு,
உன் ஹால் டிக்கெட்டைத் தொலைத்த அப்பா,
கண்ணாயிரம்.